ஆக்டிவ் பேஸ்ல 9 வோல்ட் பேட்டரி மூணே வாரத்துல காலியாகுது, ஏன்?

ஈசூன்_பேஸ்:
வணக்கம். என்கிட்ட ஒரு அஞ்சு கம்பி ஆக்டிவ் பேஸ் (உள்ள பேட்டரியில ஓடுற ப்ரீஆம்ப், அதாவது சவுண்டை ஏத்திக் குடுக்கிற சர்க்யூட் இருக்கிற பேஸ் கிட்டார்) இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, முதல் வருஷம் பூரா ஒரே பேட்டரிதான் ஓடுச்சு. இப்ப நாலு மாசமா மூணு வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியிருக்கு. போன சனிக்கிழமை இங்க சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல ஒரு கல்யாண டின்னர், ரெண்டாவது பாட்டு பாதியில சவுண்டு கரகரன்னு ஆகி அப்படியே அமுங்கிப்போச்சு, கீபோர்டு அண்ணன்தான் இடது கையால பேஸ் லைனைப் பிடிச்சு சமாளிச்சாரு. வாசிச்சு முடிச்சதும் கேபிளைக் கழட்டிடுறேன், அல்கலைன்தான் போடுறேன். ப்ரீஆம்ப் போயிடுச்சா? அடுத்த மாசம் தீபாவளி ஷோ நாலு இருக்கு, பயமா இருக்கு.

தாழ்சுதி:
தம்பி, ப்ரீஆம்பை அவசரப்பட்டு மாத்திடாதீங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி ஜாக்கை, அதான் கேபிள் சொருகுற ஓட்டையை, யாராவது தொட்டாங்களா?

ஈசூன்_பேஸ்:
ஆமாண்ணே, ஜாக் லூசாகி கேபிள் நிக்கவே இல்லை, ஒரு கடையில குடுத்து மாத்தினேன். பேர் வேணாம், நல்லாத்தான் பேசினாங்க.

தாழ்சுதி:
அப்ப அங்கதான் இருக்கு விஷயம். ஆக்டிவ் பேஸ்ல பெரும்பாலும் தனியா ஆன் ஆஃப் சுவிட்ச் கிடையாது, ஜாக்தான் சுவிட்ச். அது ஸ்டீரியோ ஜாக், மூணு கால் இருக்கும். பேட்டரியோட கறுப்பு ஒயரு ரிங்னு சொல்ற கால்ல, அதாவது பிளக்கோட நடுப் பகுதியைத் தொடுற கால்ல இருக்கணும். நம்ம சாதா மோனோ கேபிளைச் சொருகினா அந்தப் பிளக்கோட உடம்பு ரிங்கையும் கிரவுண்டையும் (சர்க்யூட்டோட பொது மைனஸ் பக்கம்) சேர்த்துவிடும், அப்பதான் கரண்டு ஓடும், உருவினா நின்னுடும். கறுப்பு ஒயரை நேரா கிரவுண்டுல பத்தவச்சிட்டாலோ மோனோ ஜாக்கைப் போட்டுட்டாலோ பேஸ் பைக்குள்ள தூங்கும்போதும் ப்ரீஆம்ப் முழிச்சுக்கிட்டே இருக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க. நல்ல அல்கலைன் 9 வோல்ட்ல சுமாரா 500 மில்லிஆம்ப் அவர் (1 மில்லிஆம்ப் கரண்டை 500 மணி நேரம் குடுக்கிற அளவு) இருக்கும். ப்ரீஆம்ப் 1 மில்லிஆம்ப் இழுத்தா ஒரு நாளைக்கு 24 போகுது, 500ஐ 24ஆல வகுத்தா இருபது நாள் சொச்சம். நீங்க சொன்ன மூணு வாரம் அப்படியே வந்து நிக்குது பாருங்க. அதே பேஸை வாரம் எட்டு மணி நேரம் வாசிச்சுட்டு உருவி வச்சா ஒரு வருஷம் தாராளமா ஓடும்.

சோதிக்கிறது சுலபம். கேபிளை உருவிடுங்க. பேட்டரி கிளிப்பைக் கழட்டி, ஒரு குமிழ் மட்டும் மாட்டியிருக்கிற மாதிரி பக்கவாட்டுல திருப்பி வைங்க, மல்டிமீட்டரை மில்லிஆம்ப்ல வச்சு ஒரு முனையை வெறுமனே நிக்கிற பேட்டரி குமிழ்லயும் இன்னொண்ணை கிளிப்போட அந்தக் காலி ஓட்டையிலயும் வைங்க. 0 காட்டணும். எதாச்சும் காட்டினா திருட்டு பிடிபட்டுச்சு. மீட்டரை அந்த ரேஞ்ச்ல வச்சுக்கிட்டு பேட்டரியோட ரெண்டு குமிழ்லயும் நேரா வச்சிடாதீங்க, ஃபியூஸ் போயிடும்.

நாலுகம்பி:
அண்ணன் சொன்னது சரி. நான் சர்ச்லயும் சமூக மன்ற நிகழ்ச்சிகள்லயும் பன்னிரண்டு வருஷமா வாசிக்கிறேன், என் பழக்கம் என்னன்னா புது பேட்டரி போட்ட தேதியை மாஸ்கிங் டேப்ல எழுதி பேட்டரி மேலயே ஒட்டிடுவேன். ஷோவுக்கு முந்தின நாள் வோல்ட் பார்ப்பேன், புதுசு 9.5 பக்கம் காட்டும், 8க்குக் கீழ வந்தா மேடைக்கு எடுத்துட்டுப் போகமாட்டேன். தம்பி, உங்க பேஸ்ல பாசிவ் சுவிட்ச் (ப்ரீஆம்பை விட்டுட்டு பேட்டரி இல்லாம ஓடவைக்கிற சுவிட்ச்) இருந்தா அதைப் பழகி வச்சுக்குங்க, நடுவுல பேட்டரி போனாலும் சவுண்டு வரும், டோன்தான் கொஞ்சம் மாறும்.

ரீசார்ஜ் பேட்டரி எனக்குச் சரிப்படல. பழைய நிக்கல் வகை 8.4 வோல்ட்லதான் நிக்குது, யுஎஸ்பியில சார்ஜ் பண்ற ஒண்ணு வாங்கினேன், ஆம்ப்ல சன்னமா ஒரு கீங்ங்ன்னு சத்தம், உள்ள வோல்ட்டை ஏத்துற சர்க்யூட்டோட வேலை. மலிவான கார்பன் ஜிங்க் பேட்டரியும் வேணாம், ஒழுகிடுச்சுன்னா கிளிப்பு பச்சை பிடிச்சு போயிடும்.

ஈசூன்_பேஸ்:
அண்ணே அக்கா, பிடிச்சாச்சு! கேபிள் இல்லாமலே 0.9 மில்லிஆம்ப். மூடியைத் திறந்தா ஜாக்குக்கு ரெண்டே கால்தான், மோனோ, கறுப்பு ஒயரு பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) கிரவுண்டோட ஒரே சொட்டு ஈயத்துல கிடக்கு. வேலை முடிஞ்சு எலக்ட்ரானிக் சாமான் கடைங்க இருக்கிற சிம் லிம் டவர் போயி ஸ்டீரியோ ஜாக் வாங்கினேன், சில வெள்ளிதான், நண்பன் வீட்டுல சால்டர் பண்ணி கறுப்பை ரிங்குக்கு மாத்தினோம். இப்ப உருவினா 0.00, சொருகினா 0.9. மீட்டரைப் பார்த்துக்கிட்டே பத்து தடவை சொருகி உருவிட்டேன்.

காலியான பேட்டரி ஆறு இருக்கு, எங்க போடுறது?

நாலுகம்பி:
மின்கழிவுத் தொட்டியில போடுங்க, நிறைய சமூக மன்றத்துலயும் மால்லயும் வச்சிருக்காங்க. ஆனா 9 வோல்ட்டுக்கு ரெண்டு முனையும் ஒரே பக்கம் இருக்கிறதால டேப் ஒட்டிட்டு போடுங்க, ஒண்ணோட ஒண்ணு முட்டினா சூடாகும்.