'வெட்லேண்ட்': நீர்தங்குநிலம் எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

'வெட்லேண்ட்' (wetland) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் சதுப்புநிலம், ஈரநிலம், நீர்நிலை என மூன்று சொற்கள் கலைச்சொல் குறித்த இந்த உரையாடல் இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. அரசு அறிவிப்புகளிலும் நாளிதழ்களிலும் முதல் இரண்டும் மாறி மாறி வருவதால், ஏதேனும் ஒன்றை ஏற்று மேலே செல்லலாம் என்பாரின் அலுப்பு புரிகிறது. ஆயினும், எந்தச் சொல்லையும் முடிவு செய்வதற்கு முன் இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் ஒன்றுக்கு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு இம்மூன்றில் எதைச் சொன்னாலும் ஒருவாறு பொருந்திவிடும். முதுகுளத்தூர்ப் பக்கம் போனால்தான் சொல்லின் வலு தெரியும்.

அப்பகுதியிலுள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய இரண்டும், வெட்லேண்டுகளைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் பட்டியலில் 2022இல் அறிவிக்கப்பட்டவை. இரண்டும் மனிதர் கரை கட்டி உருவாக்கிய கண்மாய்கள். வடகிழக்குப் பருவமழையின்போது வரத்துக்கால் வழியே வரும் நீர், கண்மாயின் உட்பரப்பான உள்வாயில் பரவுகிறது. மிகுந்தால் கலுங்கில் (உபரிநீர் வழியும் கட்டுமானம்) வழிந்து, மறுகால் என்னும் உபரிநீர்க் கால்வாயில் இறங்கி, அடுத்த கண்மாய்க்குப் போகிறது. நீரில் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. அறுவடைக் காலத்தில் நீர் கரையோரப் பள்ளத்துக்குள் ஒடுங்கிவிட, எஞ்சியதில் மீன் பிடிக்கிறார்கள். சித்திரையில் அதே உள்வாயில் ஆடு மேய்கிறது. களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் இந்தச் சித்திரைத் தோற்றமே பன்னிரண்டு மாதமும் நீடிக்கும்.

1971இல் உருவான ராம்சார் உடன்படிக்கையின் வரையறை இதற்கெல்லாம் இடம் தருகிறது. இயற்கையானதோ செயற்கையானதோ, நிலையானதோ தற்காலிகமானதோ, நீர் தேங்கி நிற்பதோ ஓடுவதோ, நன்னீரோ உவர்நீரோ, அனைத்தும் அதனுள் அடங்கும். வரையறை இவ்வளவு அகலமாக இருக்க, நாம் வைக்கும் பெயர் அதன் ஒரு மூலையை மட்டும் சுட்டுவது முறையாகாது.

சதுப்பு என்றால் கால் புதையும் சேறு. பாளம் வெடித்த கண்மாயைச் சதுப்புநிலம் என்று எந்த ஊர்க்காரரும் ஒப்பமாட்டார். ஆகவே அது தொகுப்புப் பெயராகாது, ஒரு வகையின் பெயராகவே இருக்கட்டும். ஈரநிலம் அதைவிட மேல் என்றாலும், அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஈரம் என்பது இப்போது கையில் படும் தன்மை. கோடையில் அச்சொல்லே கண்மாய்க்கு எதிரான சாட்சியாகிவிடும். மேலும், நன்செய், புன்செய் என்பனவற்றை வருவாய்த்துறை ஆங்கிலத்தில் 'வெட்', 'டிரை' என்றே குறித்துவந்திருப்பதால், இரு மொழிகளிலும் ஆவணம் படிப்பவர் ஈரநிலத்தை நன்செய் என்று கொள்ள வாய்ப்புண்டு. நீர்நிலை நல்ல சொல்தான். ஆனால் அது நீரைச் சுட்டுகிறதே தவிர நிலத்தைச் சுட்டவில்லை. நீர் வற்றியதும் அங்கே ஒன்றுமில்லை என்று எண்ணுவதற்கும், பேருந்து நிலையத்துக்கோ அலுவலகத்துக்கோ இடம் ஒதுக்குவதற்கும் அது தடையாக இருந்ததில்லை.

என் பரிந்துரை 'நீர்தங்குநிலம்'. இதிலுள்ள 'தங்குநிலம்' வினைத்தொகை. காலங்காட்டும் இடைநிலை மறைந்திருப்பதால் நீர் தங்கிய நிலம், தங்குகின்ற நிலம், தங்கும் நிலம் என மூன்று காலத்துக்கும் விரியும். சென்ற ஆண்டு நிறைந்து இவ்வாண்டு வறண்ட கண்மாயைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான இலக்கண அமைப்பு எனக்குத் தோன்றவில்லை. 'நீர்த்தங்குநிலம்' என ஒற்று மிகுத்து எழுத வேண்டாம். நீர் இங்கே எழுவாய்; எழுவாய்க்குப் பின் ஒற்று மிகாது. சொல் நீளம் என்பார்க்கு, சதுப்புநிலத்தைவிட ஓரெழுத்தே கூடுதல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சொல்லை மாற்றினால் சட்டம் மாறிவிடாது என்பது உண்மை. ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள் நெல்வயல்களையும், பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளையும் 'வெட்லேண்ட்' வரையறைக்கு வெளியே நிறுத்துகின்றன. பாசனம் வேறு, பறவை வேறு என்னும் இப்பிரிவு இராமநாதபுரம் வட்டாரத்தாருக்குப் புதிது. இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை அவர்கள் 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். நாரையாலும் பறந்து கடக்க முடியாத அளவுக்கு அகலமானது, 48 மடைகள் கொண்டது என்பது பொருள். பாசன மடையும் நாரையும் அங்கே ஒரே தொடருக்குள் இருக்கின்றன. நாம் ஆக்கும் சொல்லும் அவ்விரண்டையும் பிரிக்காமல் இருந்தால் போதும்.

ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. தாழ்ந்த ஓதத்தின்போது (கடல்நீர் வற்றி இறங்கும் வேளையில்) ஆறு மீட்டருக்கு மிகாத ஆழமுள்ள கடற்பகுதியையும் ராம்சார் வரையறை சேர்த்துக்கொள்கிறது; மன்னார் வளைகுடாவும் அதே பட்டியலில் உள்ளது. கடற்புல் வளரும் பரப்பை 'நீர் தங்கும் நிலம்' என்பது சற்று வலிந்து கூறுவதே. ஈரநிலம் என்பதும் அங்கே பொருந்தாது. 'கடல்சார் நீர்தங்குநிலம்' என்று அடைகொடுத்துச் சமாளிக்கலாம் எனக் கருதுகிறேன். ஓதம் ஏறி இறங்கும் சேற்றுவெளிக்குத் தொண்டி, தேவிபட்டினம் பகுதி மீனவர்களிடம் தனிப்பெயர் வழங்குமாயின், அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். உட்பிரிவுகளுக்குப் பெயரிடும்போது அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.