டிஎஸ்ஹெச் பாதியில் தீர்கிறது, ஃபெரிட்டின் காலாவதியாகிறது: லேப் ஸ்டாக்கை எப்படிக் கணக்கிடுவது?

தாலுகாலேப்:
வணக்கம். நாளுக்கு 120 முதல் 150 நோயாளிகள் வரும் லேப். முழுத் தானியங்கி பயோகெமிஸ்ட்ரி கருவி ஒன்று, 5-பார்ட் செல் கவுன்டர் (ரத்த அணுக்களை எண்ணுவது), சின்ன சிஎல்ஐஏ கருவி (ஹார்மோன் போன்றவற்றை ஒளி மூலம் அளப்பது), எலிசா ரீடர் (கிணறுகள் உள்ள தட்டில் நிறமாற்றத்தைப் படிப்பது). ஸ்டோருக்குத் தனி ஆள் இல்லை, டெக்னீஷியன்களே இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதுகிறார்கள், இருப்பு எக்செல் ஷீட்டில் ஓடுகிறது. டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை) 100 டெஸ்ட் கிட் என்று ஏற்றினால் 80 நோயாளியைத் தாண்டுவதில்லை. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்புச் சோதனை) கிட்டோ பாதி மிச்சமிருக்கும்போதே ஆயுள் முடிகிறது. எந்த அளவு இறங்கினால் ஆர்டர் போடுவது, எவ்வளவு போடுவது? எல்லாவற்றுக்கும் ஒரு மாத இருப்பு வைத்தால் போதுமா?

குவெட்42:
பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கை கருவி எடுக்கும் டெஸ்ட், நோயாளி எண்ணிக்கை அல்ல. உங்கள் டிஎஸ்ஹெச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 260 ரிப்போர்ட் போகிறது என்று வைப்போம். க்யூசி (அளவு தெரிந்த கன்ட்ரோல் திரவத்தை ஓட்டிச் சரிபார்ப்பது) நாளுக்கு 2 லெவல், 26 நாளுக்கு 52. காலிபரேஷன் (கருவிக்கு அளவுகோல் அமைப்பது) மாதம் ஒருமுறை, 2 பாயின்ட்டும் இரட்டையாக ஓடினால் 4. ரிப்பீட், டைல்யூஷன் சுமார் 8. மொத்தம் 324. அதாவது ஒரு நோயாளிக்கு 1.25 டெஸ்ட். மூன்று கிட் போதும் என்று ஷீட் சொல்லும், தேவைப்படுவது நான்கு.

இந்த விகிதத்தை ஊகிக்க வேண்டாம். கருவியின் மெனுவில் டெஸ்ட் வாரியாக மொத்த எண்ணிக்கை கிடைக்கும். அதே மாதத்துக்கு பில்லிங்கில் போன ரிப்போர்ட் எண்ணிக்கையால் வகுங்கள். மூன்று மாதச் சராசரி எடுத்து ஷீட்டில் ஒரு தனி நெடுவரிசையாக வைத்துவிடுங்கள். திறந்த சிஸ்டத்தில் (எந்தக் கம்பெனி ரீஏஜென்டையும் ஏற்கும் கருவியில்) பாட்டிலின் அடியில் ப்ரோப் (உறிஞ்சும் ஊசி) எட்டாமல் நிற்கும் அளவும் வீண்தான். சின்ன பாட்டிலில் அந்த நஷ்டம் விகிதத்தில் பெரிதாகத் தெரியும்.

ஆர்டர் போடும் மட்டம்: ஒரு நாள் செலவை, சரக்கு வர ஆகும் நாட்களால் பெருக்கி, அதோடு சேமிப்பு இருப்பைக் கூட்டுங்கள். 324-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 12.5. டீலர் ஐந்து நாள் என்று சொல்வார், நீங்கள் பழைய பில்களில் அதிகபட்சமாக எத்தனை நாள் ஆனது என்று பாருங்கள். அது வேலைநாட்களில் 10 என்றால் 125, சேமிப்புக்கு 5 நாள் 62. ஆகமொத்தம் 187, அதாவது பிரிக்காத கிட் இரண்டு மிச்சமிருக்கும்போதே ஆர்டர் போய்விட வேண்டும்.

ஃபெரிட்டின் நேர்மாறான கேஸ். மாதம் 30 நோயாளிக்கு தினமும் 2 லெவல் க்யூசி ஓட்டினால் க்யூசியே 52 தின்றுவிடும். வாரம் இரண்டு நாள் மட்டும் போடுவது என்று மாற்றினால் க்யூசி 18-க்குள் அடங்கும். சீரத்தைக் கிட் இன்செர்ட் (பெட்டிக்குள் வரும் குறிப்புத் தாள்) சொல்லும் வெப்பநிலையில் சேர்த்து வைக்கலாம். அப்போதும் கட்டுப்படியாகவில்லை என்றால் ரெஃபரன்ஸ் லேபுக்கு அனுப்புவதே சரி. மெனுவில் பேர் இருக்கட்டும் என்பதற்காகக் கிட் வாங்கி வைக்காதீர்கள்.

ஸ்டோர்ரூம்:
கணக்கு சரி. ஆனால் ஷீட்டில் "டிஎஸ்ஹெச் – 4 கிட்" என்று ஒரே வரியாக இருந்தால் அது உதவாது. ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரே தயாரிப்புத் தொகுதிக்கும்) தனி வரி வேண்டும்: லாட் எண், காலாவதி, வந்த தேதி, பிரிக்காத எண்ணிக்கை, பிரித்த தேதி. எடுப்பது முதலில் வந்ததை அல்ல, முதலில் காலாவதியாவதை. பின்னால் வந்த பெட்டி முன்னதாகக் காலாவதியாவது சாதாரணமாக நடக்கும்.

பாட்டிலைத் திறந்ததும் ஆயுள் மாறிவிடுகிறது, அதைத்தான் பலர் எழுதுவதில்லை. ஜாஃபே முறை கிரியாட்டினினில் (சிறுநீரகச் சோதனை) இருக்கும் காரக் கரைசலும், பைகார்பனேட் ரீஏஜென்டும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். பெட்டியில் ஒரு வருடம் போட்டிருந்தாலும் கருவிக்குள் இன்செர்ட் சொல்லும் நாட்கள்தான். பாட்டில் மேலேயே திறந்த தேதி, திறந்தபின் முடியும் தேதி, இனிஷியல் மூன்றும் எழுதுங்கள். அச்சிட்ட தேதி, இந்தத் தேதி இரண்டில் எது முன்னதோ அதுவே கணக்கு. குறைவாக ஓடும் டெஸ்ட்டுக்கு, விலை கொஞ்சம் கூடினாலும் சின்ன பேக் லாபம்.

பர்ச்சேஸ் ஆர்டரில் நிபந்தனைகளை எழுத்தில் போடுங்கள். ஆர்டர் முழுக்க ஒரே லாட், வந்து சேரும்போது குறைந்தது இத்தனை மாத ஆயுள், 2–8 டிகிரி சரக்குக்கு டேட்டா லாகர் (வழியில் வெப்பநிலையைப் பதியும் கருவி), ஒழுகியதை மாற்றித் தர வேண்டும். வாயால் சொன்னது டெலிவரி நாளில் நிற்காது. சனிக்கிழமை மாலை வந்திறங்கும்படி கூரியர் போடாதீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.

பெட்டி வந்ததும் நேரே கருவிக்குப் போகக்கூடாது. சரிபார்த்து ஏற்றதையும், இன்னும் ஏற்காததையும் பிரித்து வைக்க வேண்டும் என்று மருத்துவ லேப்களின் தர நெறியான ஐஎஸ்ஓ 15189:2022-இன் 6.6 பிரிவு சொல்கிறது. என்ஏபிஎல் அங்கீகாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது தேவை. ஃப்ரிட்ஜில் ஒரு தட்டை இதற்கென ஒதுக்குங்கள். பழைய லாட் தீர்வதற்கு முன்பே புதிய லாட்டில் க்யூசியோடு நோயாளி சாம்பிளும் ஓட்டிப் பாருங்கள். குறைவு, நார்மல், அதிகம் என்று கலந்து ஐந்து முதல் பத்து. க்யூசி மட்டும் போதாது. க்யூசி திரவம் ரத்தம் போலவே நடந்துகொள்ளாது, அது நகர்ந்து நோயாளி முடிவு நகராமலும் இருக்கலாம், நேர்மாறாகவும் ஆகலாம். இதற்காகவே பழைய லாட்டில் ஒரு வாரத்துக்காவது மிச்சம் வேண்டும்.

லெவிஜென்னிங்ஸ்:
எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு பொருளும் கெடும் விதம் வேறு, இருப்பையும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செல் கவுன்டர் கன்ட்ரோல் நிலைப்படுத்திய ரத்தம். ஆயுளே சில மாதம்தான், மொத்தமாக வாங்கினால் பாதி குப்பைக்குப் போகும். வருட அட்டவணை போட்டு, லாட் மாறும்போதெல்லாம் தானாக வரும்படி ஸ்டேண்டிங் ஆர்டர் கொடுங்கள். பயோகெமிஸ்ட்ரியின் உலர்பொடிக் கன்ட்ரோல் நேர்மாறு: ஆயுள் நீளம். ஒரு வருடத்துக்கு ஒரே லாட்டை ஒதுக்கிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். லாட் மாறினால் புதிய சராசரி எடுக்கப் பழையதோடு சேர்த்து 20 ரீடிங்காவது ஓட்ட வேண்டும், அந்த வேலை வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்.

சிஆர்பி, ஏஎஸ்ஓ, ஆர்ஏ சோதனைகளின் லேடெக்ஸ் (நுண்துகள் கலந்த திரவம்) உறைந்தால் தீர்ந்தது. துகள்கள் ஒட்டிக்கொண்டு நெகட்டிவ் கன்ட்ரோலே திரியும். வீட்டு ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் லேபில் பின்சுவரை ஒட்டியும் ஃப்ரீசர் பெட்டிக்கு நேர் கீழேயும் வைக்கவே கூடாது. ஐஸ் பேக் நேராக ஒட்டி வந்த பார்சலையும் சந்தேகத்தோடு பாருங்கள். சூடாகி வந்தது கண்ணுக்குத் தெரியும், உறைந்து உருகி வந்தது தெரியாது.

நீல மூடி சிட்ரேட் டியூப் வெக்யூம் போனால் ரத்தம் குறைவாக ஏறும். ரத்தம் 9-க்கு சிட்ரேட் 1 என்ற விகிதம் கெட்டு பிடி (ரத்தம் உறையும் நேரச் சோதனை) நேரம் பொய்யாகக் கூடும். வெயில் படும் ஸ்டோரில் ஆறு மாத டியூப்பை அடுக்க வேண்டாம். யூரின் ஸ்ட்ரிப் ஈரத்தில் கெடும், ஃப்ரிட்ஜில் வைக்காமல் மூடியை இறுக்குங்கள். டிப், ஸ்லைடு, கையுறைக்கு ஷீட்டே வேண்டாம். இரண்டு பெட்டி, ஒன்று காலியானால் ஆர்டர்.

தாலுகாலேப்:
மூவருக்கும் நன்றி சார். அக்டோபரில் டெங்கு சீசன் தொடங்கிவிடும். என்எஸ்1 (டெங்கு வைரஸின் புரதம்) எலிசா கிட் எவ்வளவு வாங்குவது? 96 கிணறு என்றால் 90 நோயாளிக்கு வருமா?

குவெட்42:
வராது. பிளாங்க், நெகட்டிவ், காலிபரேட்டர், பாசிட்டிவ் எல்லாம் ஒவ்வொரு ரன்னிலும் போட வேண்டும். கிட்டைப் பொறுத்து மாறும், 6 கிணறு என்று வையுங்கள். நாளுக்கு 10 நோயாளி என்றால் ரன்னுக்கு 16 கிணறு, இரண்டு ஸ்ட்ரிப் (ஒரு ஸ்ட்ரிப்பில் 8 கிணறு). 12 ஸ்ட்ரிப்பில் ஆறு ரன், 60 நோயாளி. நாளுக்கு 26 வந்தால் நான்கு ஸ்ட்ரிப், மூன்று ரன், 78 நோயாளி. நாளுக்கு இரண்டே பேர் என்றால் ஒரு கிட்டுக்கு 24 பேர்தான். அதிலும் ரன் கூடக் கூடக் கன்ட்ரோல் வயல் ஸ்ட்ரிப்புக்கு முன்னால் தீர்ந்துவிடும். ஒரு லாட்டின் கன்ட்ரோலை இன்னொரு லாட்டின் தட்டில் ஊற்றாதீர்கள்.

போன வருடத்தின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வார எண்ணிக்கையை எடுத்து, உச்ச வாரத்துக்கு இரண்டு வாரக் கிட் கையில் இருக்கட்டும். மீதியை டீலரிடம் ஒரே லாட்டாக ஒதுக்கி, பகுதி பகுதியாக எடுங்கள். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சலோடு வருவோருக்கு ஐஜிஎம் (எதிர்ப்பொருள் சோதனை) கிட்டும் வேண்டும். ரேபிட் கார்டை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள், அரசு வழிகாட்டுதலில் உறுதிப்படுத்தும் சோதனை எலிசாதான்.

லெவிஜென்னிங்ஸ்:
கிட்டை மட்டும் பார்த்துவிட்டு செல் கவுன்டரின் டைல்யூவென்டை (ரத்தத்தை நீர்க்கச் செய்யும் திரவம்) விட்டுவிடாதீர்கள். பிளேட்லெட்டுக்காக ஒரே நோயாளிக்குத் தினமும் சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) போகும், 20 லிட்டர் கேன், லைஸ் (சிவப்பணுவை உடைக்கும் திரவம்), இடிடிஏ டியூப் மூன்றும் சேர்ந்து ஏறும். கேன் மாற்றும்போது கருவியின் கவுன்டரை எழுதுங்கள், அடுத்த கேனில் மறுபடி எழுதுங்கள். ஸ்டார்ட்-அப், வாஷ் எல்லாம் சேர்ந்த உண்மையான சிபிசி எண்ணிக்கை அந்த வித்தியாசத்தில் வந்துவிடும்.

ஸ்டோர்ரூம்:
சீசன் ஆர்டருக்கு முன் விலையையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயக்னாஸ்டிக் கிட், ரீஏஜென்ட்டுகளுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. லேப் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் கட்டிய வரியை நாம் திரும்ப எடுக்க முடியாது, அது முழுக்க டெஸ்ட் செலவில்தான் ஏறும். அதற்கு முன் "வரி உள்பட" என்று போட்ட ரேட் கான்ட்ராக்ட் இன்னும் ஓடினால் டீலரிடம் அடிப்படை விலையைத் தனியாக எழுதி வாங்குங்கள்.