இரண்டாம் வாரத்தில் திரும்பத் திரும்ப வரும் கன்றுக் கழிச்சல்: மருந்து கொடுத்தும் நிற்கவில்லை, உதவி தேவை

கேள்வி

வணக்கம். எங்கள் கறவை மாட்டுப் பண்ணையில் பிறக்கும் கன்றுகள் முதல் வாரம் முழுவதும் சுறுசுறுப்பாக இருந்து பால் குடிக்கின்றன. எட்டாம், ஒன்பதாம் நாள் வாக்கில் மஞ்சள் நிறத்தில் தண்ணீராகக் கழியத் தொடங்கி, ஓரிரு நாளில் கண் உள்வாங்கி, எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிடுகின்றன. ஒரு கன்றுக்கு வந்தால் சில நாட்களில் பக்கத்துத் தடுப்பில் உள்ள கன்றுக்கும் வந்துவிடுகிறது. பிழைத்துக்கொள்ளும் கன்றுகள்கூட மயிர் சிலிர்த்து, இளைத்து, உடன் பிறந்த மற்றக் கன்றுகளைவிட வளர்ச்சியில் வெகுவாகப் பின்தங்குகின்றன.

கழிச்சல் கண்டவுடன் பாலை நிறுத்திவிட்டு, ஆண்டிபயாடிக் மாத்திரையும் உப்புக் கரைசலும் கொடுப்பது இங்குள்ள வழக்கம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தும் பயன் தெரியவில்லை. இப்போதும் ஒன்பது நாள் கன்று ஒன்று கழிந்துகொண்டிருக்கிறது. காய்ச்சல் இல்லை, சாணத்தில் இரத்தமும் இல்லை, விரலை வாயில் வைத்தால் உறிஞ்சுகிறது, ஆனால் வலுவில்லை. எந்த மருந்து பொருத்தமானது, பாலை நிறுத்துவது சரியா, அடுத்துப் பிறக்கவிருக்கும் கன்றுகளுக்கு இது வராமல் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி (கால்நடை மருத்துவர்)

முதலில் கழிந்துகொண்டிருக்கும் அந்தக் கன்றைப் பார்ப்போம், மற்றவை பிறகு. கழுத்துத் தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விடுங்கள். தோல் உடனே படிந்து, கன்று தானாக எழுந்து நின்று, வலுக் குறைவாகவேனும் உறிஞ்சினால், வாய்வழிக் கரைசலே போதுமானது. மாறாக, தோல் மடிப்பு பல நொடிகள் அப்படியே நின்றாலோ, கண்விழிக்கும் இமைக்கும் இடையே பள்ளம் தெரிந்தாலோ, வாயும் காதும் குளிர்ந்திருந்தாலோ, உறிஞ்சும் உணர்வே இல்லாவிட்டாலோ, தாமதிக்காமல் மருத்துவரை வரவழைத்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும். அந்த நிலையில் வாயில் ஊற்றும் கரைசல் குடலில் ஏறாது.

கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அன்று. நீரும் உப்பும் வெளியேறுவதும், அவற்றோடு பைகார்பனேட் வெளியேறி இரத்தம் அமிலத்தன்மை அடைவதுமே. கன்று துவண்டு படுப்பதற்கும் உறிஞ்ச மறுப்பதற்கும் இந்த அமிலத்தன்மையே முக்கியக் காரணம். ஆகவே நீங்கள் கொடுக்கும் கரைசலில் சோடியம், குளுக்கோஸ் ஆகியவற்றோடு பைகார்பனேட் அல்லது அசிட்டேட் போன்ற, அமிலத்தன்மையைச் சரிசெய்யும் பொருள் உள்ளதா என்று உறையைப் பாருங்கள். அளவையும் கணக்கிடுங்கள். 40 கிலோ எடையுள்ள கன்று தன் எடையில் 8 சதவீத நீரை இழந்திருந்தால், அது 3.2 லிட்டர் பற்றாக்குறை. இதற்கு மேல் கழிந்துகொண்டே இருக்கும் நீரும் உண்டு. ஒரு வேளைக்கு 2 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு ஒரே ஒரு முறை கொடுத்தால் ஈடாகாது. இரண்டு அல்லது மூன்று முறை தேவைப்படும்.

பாலை நிறுத்தாதீர்கள். கரைசலில் உள்ள சர்க்கரை கன்றின் ஆற்றல் தேவையில் சிறு பங்கைத்தான் நிறைவு செய்யும். பாலையும் நிறுத்திவிட்டால் கன்று தன் உடல் கொழுப்பைக் கரைத்து வாழ வேண்டியிருக்கும், பிறந்து சில நாட்களே ஆன கன்றிடம் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. குடலின் உட்படலம் மீண்டும் வளர்வதற்கும் பாலே உணவு. வழக்கமான நேரத்தில் பாலைக் கொடுங்கள். குடிக்கும் அளவு குறைந்தால் சிறு சிறு அளவாகப் பல முறை கொடுங்கள். கரைசலை இரண்டு பால் வேளைகளுக்கு நடுவில் தனியாகக் கொடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். பைகார்பனேட் கலந்த பால் நான்காம் இரைப்பையில் சரியாக உறையாது. குழாய் மூலம் கரைசல் செலுத்தலாம், ஆனால் பாலைச் செலுத்துவதைத் தவிர்க்க வேண்டும். குழாய்வழிச் செல்லும் பால் நான்காம் இரைப்பைக்குப் போகாமல், முதல் அறையான அசையூண் இரைப்பையில் தங்கிப் புளித்துவிடும்.

ஆண்டிபயாடிக் ஏன் பயன் தரவில்லை என்பதற்குக் கன்றின் வயதே துப்பு. ஈ.கோலை என்ற பாக்டீரியாவால் வரும் கழிச்சல் பெரும்பாலும் முதல் நான்கு நாட்களுக்குள் வரும். ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு, மூன்று வாரம் வரை அதிகம் காணப்படுபவை ரோட்டா வைரஸ், மாடுகளுக்கு வரும் கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஆகியவை. சாதாரண ஆண்டிபயாடிக் இந்த மூன்றையும் அசைக்காது. இரத்தக் கழிச்சல் நோய் எனப்படும் காக்சிடியா மூன்று வாரத்திற்குப் பிறகே வரும். சால்மோனெல்லா எந்த வயதிலும் வரலாம். உடல் வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சாணத்தில் இரத்தம் இருந்தால், கன்று பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தால், கிருமி இரத்தத்தில் கலந்திருக்கக்கூடும் என்று கருதி மருத்துவர் ஊசி போடுவார். மற்றபடி தேவையற்ற மாத்திரை குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைத்தான் அழிக்கும். மருந்து எதுவும் கொடுக்காத கன்றின் புதிய சாணத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி நீங்கள் சில விவரங்களைக் கூற வேண்டும். சீம்பால் எந்த நேரத்தில், எவ்வளவு கொடுக்கப்படுகிறது? மாடு ஈனும் இடம் எது? பால் கொடுக்கும் பாட்டிலும் வாளியும் எப்படிக் கழுவப்படுகின்றன?

கேள்வி கேட்டவர்

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி ஐயா. கன்று நிற்கிறது, தோலும் விரைவில் படிகிறது. பாலை மீண்டும் தொடங்கிவிட்டோம், கரைசலைத் தனியாகக் கொடுக்கிறோம். சாணமும் சோதனைக்குச் சென்றிருக்கிறது.

நீங்கள் கேட்ட விவரங்கள்: இரவில் ஈனும் மாட்டின் சீம்பால் காலைக் கறவையின்போதுதான் கறக்கப்படுகிறது. அதில் 2 லிட்டர் கன்றுக்குக் கொடுக்கிறோம். கெட்டியாகவும் மஞ்சளாகவும் இருந்தால் நல்ல சீம்பால் என்று எடுத்துக்கொள்கிறோம். ஈனும் மாடும் நோயுற்ற மாடும் ஒரே கொட்டிலில்தான் கட்டப்படுகின்றன, வேறு இடமில்லை. பாட்டில், வாளி எல்லாம் கொதிநீர் ஊற்றிக் கழுவப்படுகின்றன. அதன்பின் ஒரு நாளைக்கு 2 லிட்டர் வீதம் இரண்டு வேளை பால்.

மறுமொழி (கன்றுப் பராமரிப்பில் உள்ளவர்)

ஐயா, எட்டாம் நாள் நோய்க்கான விதை முதல் நாள் இரவிலேயே விழுந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதம் கருவில் உள்ள கன்றுக்குச் செல்வதில்லை. கன்று ஏறத்தாழ எந்தப் பாதுகாப்பும் இன்றித்தான் பிறக்கிறது. சீம்பாலில் உள்ள அந்தப் புரதத்தை முழுமையாக உள்ளே விடும் குடல், பிறந்த முதல் சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கி, 24 மணி நேரத்திற்குள் ஏறக்குறைய முழுவதும் மூடிக்கொள்கிறது. நள்ளிரவில் பிறந்த கன்று காலைக் கறவை வரை காத்திருந்தால், கதவு கணிசமாக அடைபட்ட பிறகே சீம்பால் வந்து சேர்கிறது. இன்னொரு இழப்பும் உண்டு: ஈன்ற பிறகு கறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் மடியில் உள்ள சீம்பாலின் செறிவு குறைந்துகொண்டே வரும்.

எனவே பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள், எக்காரணம் கொண்டும் ஆறு மணி நேரத்தைத் தாண்டாமல், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். 40 கிலோ கன்றுக்கு அது 4 லிட்டர். பன்னிரண்டு மணி நேரத்திற்குள் மேலும் 2 லிட்டர் கொடுத்தால் நல்லது. கன்று தானாகக் குடிக்காவிட்டால், பழகிய கை இருக்குமானால் சீம்பாலைக் குழாய் மூலம் கொடுக்கலாம். மருத்துவர் ஐயா பால் பற்றிக் கூறிய தடை முதல் வேளைச் சீம்பாலுக்குப் பொருந்தாது. தாயிடம் விட்டுவிட்டால் கன்று தானே குடித்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். சில கன்றுகள் குடிக்கும். எந்தக் கன்று எவ்வளவு குடித்தது என்று சொல்ல முடியாது என்பதே அதிலுள்ள சிக்கல்.

நிறத்தையும் கெட்டித்தன்மையையும் நம்ப வேண்டாம். கெட்டியான சீம்பாலிலும் எதிர்ப்புப் புரதம் குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கரைந்துள்ள பொருள்களின் சதவீதமான பிரிக்ஸ் அளவைக் காட்டும் ஒளிவிலகல்மானி என்ற கைக்கருவியில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் 22 அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். அது லிட்டருக்குச் சுமார் 50 கிராம் எதிர்ப்புப் புரதத்திற்குச் சமம். நல்ல சீம்பால் மிகுதியாகக் கிடைக்கும் நாளில் ஒன்று, இரண்டு லிட்டர் பைகளில் தட்டையாக உறையவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை உருக்கும்போது தண்ணீர் 50 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது. சூடு மிகுந்தால் புரதம் சிதைந்துவிடும்.

கொடுத்தது உடலில் சேர்ந்ததா என்பதையும் அறிய முடியும். பிறந்த இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்திற்குள் கன்றின் இரத்தத்தை மருத்துவர் எடுத்து, அதன் தெளிநீரான சீரத்தில் மொத்தப் புரதத்தைப் பார்ப்பார். 100 மில்லிலிட்டருக்கு 5.2 கிராமுக்குக் கீழே இருந்தால் சீம்பால் பாதுகாப்பு போதவில்லை என்று பொருள். நல்ல நிலையில் உள்ள சில கன்றுகளிடம் எடுத்துப் பாருங்கள்; நீரிழப்பு உள்ள கன்றில் எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

மறுமொழி (மாடு வளர்ப்பவர்)

மருத்துவரின் கருத்தோடு ஓரிடத்தில் நான் வேறுபடுகிறேன். கழியும் கன்றுக்கு ஒரு நாள் பாலை நிறுத்தினால் சாணம் கெட்டிப்படுவதைப் பல முறை கண்டிருக்கிறேன். குடலுக்கு ஓய்வு வேண்டாமா?

மறுமொழி (கால்நடை மருத்துவர்)

சாணம் கெட்டிப்படுவது உண்மைதான், நண்பரே. உள்ளே எதுவும் போகாததால் வெளியே வருவதும் குறைகிறது. நோய் குறைந்ததற்கு அது அடையாளம் அன்று. சாணத்தைப் பார்ப்பதோடு கன்றின் எடையையும் பார்த்தால் வேறுபாடு தெரியும்: பால் தொடர்ந்து பெற்ற கன்றுகள் எடையை இழக்காமல் மீள்கின்றன, பால் நிறுத்தப்பட்டவை இழக்கின்றன.

மறுமொழி (பண்ணை மேற்பார்வையாளர்)

கொதிநீர் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் நல்ல எண்ணத்தோடுதான் அதைச் செய்கிறார்கள். பால் ஒட்டிய பாத்திரத்தில் முதலிலேயே கொதிநீர் பட்டால் பால் புரதம் பரப்பில் வெந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்திற்குள் கிருமிகள் பாதுகாப்பாக வாழும். முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். பிறகு 60 டிகிரிக்குக் குறையாத சூடான நீரில் காரச் சோப்புத்தூள் இட்டு, தூரிகையால் உள்ளும் புறமும், நிப்பிளையும் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள். அமிலக் கரைசலில் ஒருமுறை அலசி, கவிழ்த்து வைத்து முழுவதும் காயவிடுங்கள். ஈரமான வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் கழுவியது வீண்.

கொட்டிலைப் பொறுத்தவரை, ஈனும் மாட்டை நோயுற்ற மாட்டிடமிருந்து பிரிப்பதே முதல் வேலை. இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புதிய கட்டடம் தேவையில்லை, இருக்கும் கொட்டிலில் ஒரு மூலையைத் தடுத்து, ஒவ்வோர் ஈற்றுக்கும் உலர்ந்த புதிய வைக்கோல் பரப்பினால்கூடப் பெரிய வேறுபாடு தெரியும். பிறந்த கன்றின் வாயில் சீம்பாலுக்கு முன்னால் சாணம் போகக் கூடாது. தொப்புளை அன்றே 7 சதவீத டிங்சர் அயோடினில் நனைத்துவிடுங்கள்.

கன்றுத் தடுப்புகளைக் காலி செய்து, பழைய படுக்கையை முழுவதும் அகற்றி, கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்த கன்றை விடுங்கள். கிரிப்டோஸ்போரிடியத்தின் முட்டைகளை வழக்கமான குளோரின் மருந்துகள் அழிப்பதில்லை. உலர்ச்சியும் வெப்பமும் அழிக்கும். பக்கத்தில் கன்றுகள் நிற்கும்போது அதிவேக நீர்ப்பீச்சியைப் பயன்படுத்தினால் கிருமி துளிகளாகப் பறந்து அவற்றின் மீதே படியும். பால் கொடுக்கும் வரிசையும் முக்கியம்: இளங்கன்று முதலில், நோயுற்ற கன்று கடைசியில், அதற்கென்று தனி நிப்பிள், தனிக் காலணி. இந்த ஒட்டுண்ணி மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால், சிறு குழந்தைகளையும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களையும் நோயுற்ற கன்றின் அருகே விடாதீர்கள்; வேலை செய்பவர்கள் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

ஒரு நாளைக்கு 4 லிட்டர் பால் என்பதும் குறைவு. அது 40 கிலோ கன்றை உயிரோடு வைத்திருக்கும். வளர்வதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் மிச்சம் வைக்காது. படிப்படியாக 6 முதல் 8 லிட்டர் வரை உயர்த்துங்கள். குளிர் மிகுந்த நாட்களில் தேவை இன்னும் கூடும். கன்று படுத்திருக்கும்போது கால்கள் வைக்கோலுக்குள் மறையும் அளவுக்குப் படுக்கை ஆழமாக இருந்தால் உடல் வெப்பம் வீணாகாது.

கேள்வி கேட்டவர்

சோதனை முடிவு வந்தது: ரோட்டா வைரஸும் கிரிப்டோஸ்போரிடியமும் இருக்கின்றன. அந்தக் கன்று தேறி, முன்போல் முட்டி முட்டிப் பால் குடிக்கிறது. இரவில் ஈனும் மாட்டை அப்போதே கறக்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறோம், ஒளிவிலகல்மானியும் வாங்கியாயிற்று. சினை மாடுகளுக்குத் தடுப்பூசி போடலாமா, கிரிப்டோவுக்கு மருந்து உண்டா என்பவை மட்டும் தெரிய வேண்டும்.

மறுமொழி (கால்நடை மருத்துவர்)

ரோட்டா, கொரோனா, ஈ.கோலை மூன்றுக்கும் சேர்த்துச் சினையின் கடைசிக் கட்டத்தில் தாய் மாட்டுக்குப் போடும் தடுப்பூசிகள் உள்ளன. ஈனுவதற்கு எத்தனை வாரம் முன் என்பது தடுப்பூசிக்குத் தடுப்பூசி மாறும். உறையில் உள்ளபடி போட வேண்டும். அந்த எதிர்ப்புப் புரதம் சீம்பால் வழியாகத்தான் கன்றுக்குச் செல்லும் என்பதால், சீம்பால் நேரத்திற்குக் கொடுக்கப்படாவிட்டால் தடுப்பூசியால் கன்றுக்குப் பயனில்லை. தடுப்பூசி போட்ட மாட்டின் சீம்பாலையும் அடுத்த சில கறவைகளின் பாலையும் இரண்டு வாரம் வரை கன்றின் பாலோடு சிறிது சேர்த்துக் கொடுத்தால், அது குடலுக்குள்ளேயே ரோட்டாவைத் தடுத்து நிற்கும்.

கிரிப்டோவுக்கு ஹலோஃபூஜினோன் என்ற மருந்து பயன்படுகிறது. பிறந்த முதல் ஓரிரு நாளில் தொடங்கி ஏழு நாட்கள், பால் குடித்த பின்னரே, எடைக்கேற்ற சரியான அளவில் கொடுக்க வேண்டும். அளவு இரு மடங்கானால் நஞ்சாகும். வெறும் வயிற்றிலோ, 24 மணி நேரத்திற்கு மேலாகக் கழிந்துகொண்டிருக்கும் கன்றுக்கோ கொடுக்கக் கூடாது. ஆகையால் கன்றைக் கண்ணால் மதிப்பிடாமல் எடை போட்டுப் பார்த்து, உங்கள் மருத்துவரின் சீட்டோடு தொடங்குங்கள். அது ஒட்டுண்ணி வெளியேறுவதைக் குறைக்குமே தவிர முற்றிலும் ஒழிக்காது. தடுப்புகளைக் காயவிடும் வேலை அப்போதும் தொடர வேண்டும். ஒவ்வொரு கன்றுக்கும் பிறந்த நேரம், சீம்பால் குடித்த நேரம், அளவு, பிரிக்ஸ் எண், கழிச்சல் தொடங்கிய வயது ஆகியவற்றை ஒரு பலகையில் எழுதி வாருங்கள். அடுத்த சில ஈற்றுகளுக்குப் பிறகு அந்தப் பலகையோடு இங்கு வந்தால், மருந்து இன்னும் தேவையா என்பதை அந்த எண்களைப் பார்த்தே முடிவு செய்யலாம்.