பழைய வீட்டின் வெளிப்பக்கத்தைப் புதுப்பித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என் கதை. தாத்தா கட்டிய வீடு, எண்பது வருடப் பழசு. வெளிப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் புதுசாக்கலாம் என்று இறங்கினோம். கையில் இருந்த திட்டம் நல்ல பெயின்ட், நல்ல நிறம், அவ்வளவுதான். சாரம் கட்டி, பொருக்கைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை அடித்தாயிற்று. வந்து பார்த்தவர்கள் எல்லாம் புது வீடு மாதிரி இருக்கிறது என்றார்கள்.

ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சுவர் முழுக்கக் கொப்புளம். ஒன்றைக் கிழித்துப் பார்த்தால் பெயின்ட் ரப்பர் மாதிரி இழுபட்டு வருகிறது. பின்னால் ஈரம், ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு. நான் பெயின்டரைத் திட்டினேன், அவர் பட்டியைத் திட்டினார். அப்புறம் வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்துச் சுவரைக் கீறினார். மாவு மாதிரி உதிர்ந்தது. "சுண்ணாம்புக் காரை சார். ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தா வெளியே விடும். நீங்க அதுக்கு ரெயின்கோட்டு மாட்டி விட்டுட்டீங்க" என்றார்.

இடுப்பு உயரம் வரை கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் செங்கல் தெரியச் சும்மா போட்டுவைத்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேலை நின்றுபோய்விட்டதா என்று விசாரித்தார்கள். பிறகு மறுபடி சுண்ணாம்புப் பூச்சே பூசினோம், மெல்லிய அடுக்கு அடுக்காக. சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். சிமென்ட் மாதிரி அவசரப்படுத்த முடியாது. மேலே சுண்ணாம்பு வெள்ளையே அடித்தோம். இன்னொன்று, சுவரை ஒட்டி அம்மா போட்டிருந்த பூச்செடிப் பாத்தி வருடா வருடம் மண் கொட்டிக் கொட்டி வீட்டின் தரை மட்டத்துக்கு மேலேயே வந்திருந்தது. அந்த மண்ணை இரண்டு சாண் இறக்கியதற்கு ஒரு நாள் கூலிதான். எனக்கென்னவோ பாதி குணம் அதில்தான் வந்தது என்று தோன்றுகிறது.

* * *

உங்களுக்குக் கீழிருந்து தண்ணீர் என்றால் எங்களுக்கு மேலிருந்து. ஜன்னலுக்கு ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே கறுப்பாக வழிந்த கோடு, கண்மை கரைந்த மாதிரி. பெயின்ட் அடித்தால் ஆறு மாதம் மறையும், மறுபடி வரும். பாசிக்கு மருந்து தெளித்துக் கழுவினோம். அப்போதும் அதே இடத்தில் அதே கோடு.

ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு ஜன்னலடியில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. தண்ணீர் சன்ஷேடின் விளிம்பிலிருந்து சொட்டவில்லை. விளிம்பைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கமாகவே ஒட்டி ஊர்ந்து சுவருக்கு வந்து இறங்கியது. கட்டியவர்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளக்கோடு விட்டிருந்தார்கள். ஊர்ந்து வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். நடுவில் ஒருமுறை வீட்டை 'அழகுபடுத்தியபோது' யாரோ அதைச் சிமென்ட் வைத்து நிரப்பி வழவழவென்று தேய்த்துவிட்டார்கள். வேறு யாரோ இல்லை, நாங்கள் வைத்த ஆள்தான். கட்டர் வைத்து மறுபடி கோடு இழுத்தோம். மூன்று மழை பார்த்தாயிற்று, சுவரில் கறை இல்லை.

* * *

முன்பக்கம் கல் பதித்தால் வீடு கம்பீரமாக இருக்கும் என்று ஆசைப்பட்டவன் நான். வாசலுக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பதித்தோம். எட்டு மாதம் கழித்து ஒருநாள் நடு ராத்திரியில் படார் என்று சத்தம். வெளியே வந்து பார்த்தால் நான்கு கற்கள் படியில் சில்லு சில்லாகக் கிடக்கின்றன. பகலில் விழுந்திருந்தால் அந்தப் படியில்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்.

விழுந்த ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் ஐந்து இடத்தில் மட்டும் சிமென்ட் உருண்டை, மற்றதெல்லாம் வெற்றிடம். அந்த உருண்டைகளோடு சேர்ந்து பழைய பெயின்டும் தாள் மாதிரி உரிந்து வந்திருந்தது. அதாவது, கல் சுவரில் ஒட்டவில்லை, பெயின்டில் ஒட்டியிருந்தது. மீதிக் கற்களைச் சாவியால் தட்டிப் பார்த்தேன். சரியாக ஒட்டியது கணீரென்று இறுகிய சத்தம் தரும், உள்ளே காலியாக இருப்பது டொப் டொப் என்று கேட்கும். பாதிக்கு மேல் டொப். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மறுபடி பதிப்பவர்கள் பழைய பெயின்டைக் கொத்தி எடுத்துவிட்டு, அதற்கென்று விற்கிற பசையைக் கல்லின் முதுகு முழுக்கத் தடவச் சொல்லுங்கள். கனமான கல் என்றால் பசையை மட்டும் நம்பாமல் கிளிப்பும் போடச் சொல்லுங்கள். நான் கல்லே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

* * *

நிறத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே! எங்கள் வீட்டில் அதற்குத்தான் பெரிய சண்டை. நிற அட்டையில் பொட்டு அளவுக் கட்டத்தைப் பார்த்து நான் சந்தன நிறம் சொன்னேன், அவர் சாம்பல் நிறம். ஜெயித்தது நான்தான். அடித்து முடித்து வெயிலில் பார்த்தால் சந்தனமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் வெளுத்த வெள்ளை. அடுத்த முறை புத்தி வந்தது. சின்ன டப்பாவாக மூன்று நிறம் வாங்கி, கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் இரண்டடிக்கு இரண்டடி அடித்துவைத்து ஒரு வாரம் காலையும் மத்தியானமும் சாயங்காலமும் பார்த்தோம். காலையில் பிடித்தது சாயங்காலம் பிடிக்கவில்லை. கடைசியில் காவி கலந்த ஒரு மண் நிறம். இரும்பு ஆக்சைடில் வரும் நிறம் என்பதால் வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்காது என்று கடைக்காரர் சொன்னார். உண்மைதான். கேட்டுக்கு ஆசையாக அடித்த பளீர் நிறம் பல்லிளித்துவிட்டது, சுவர் அப்படியே நிற்கிறது.

* * *

பழைய கதவு, கிராதியில் இருக்கும் பெயின்டைச் சுரண்டப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். பல வருடங்களுக்கு முன்பு அடித்த பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி போடுங்கள், உதிர்ந்ததைக் கூட்டாமல் ஈரத்துணியால் வழித்தெடுங்கள். எங்கள் வாசல் கதவில் ஏழு அடுக்கு இருந்தது. அடியில் வந்த மரத்தைப் பார்த்துவிட்டு எட்டாவது அடிக்க மனசு வரவில்லை, எண்ணெய் மட்டும் பூசி விட்டுவிட்டோம்.

* * *

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கு வருவதாக இருந்த பெயின்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் முன்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் போகிறது. பட்டி வைத்து அடைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன். அகலம் நடுவில் இரண்டு மில்லிமீட்டர். மூன்று மாதம் கழித்து அளந்து பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுகிறேன்.