கைபிரேக் இழுத்து நிறுத்திய பத்மினி

1989 ஆம் ஆண்டு வாங்கிய எங்கள் பிரீமியர் பத்மினி காரை, கண் அறுவை சிகிச்சைக்குப் பின் அப்பா 2012 இல் பாளையங்கோட்டை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். பதினொரு ஆண்டுகள் கழித்து நான் அதில் கை வைத்தபோது நான்கு டயர்களும் சப்பிக் கிடந்தன. ஏர் பில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

முதலில் பார்க்க வந்த மெக்கானிக் அண்ணாச்சி, புது பேட்டரி போட்டுக் கயிறு கட்டி இழுத்தால் கிளம்பிவிடும் என்றார். நான் ஒப்பவில்லை. பல ஆண்டுகள் ஓடாத இன்ஜினில் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலம் வற்றி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் துருவோடு சுவரில் ஒட்டியிருக்கக்கூடும். வலிந்து சுழற்றினால் ரிங் உடையலாம், சுவரில் கீறல் விழலாம். ஆகவே பெட்ரோலைப் பற்றவைக்கும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன்.

பிளக் இல்லாமல் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் இன்ஜின் மெல்லச் சுழலும் என்பது பழைய ஓட்டுநர்கள் அறிந்த வழி. ஆனால் வண்டியே அசையவில்லை. அப்பா தம் வழக்கப்படி கைபிரேக்கை இழுத்து நிறுத்தியிருந்ததால், பின் சக்கரங்களில் பிரேக் ஷூ எனும் தேய்ப்புக் கட்டை, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு துருவேறிப் பிடித்திருந்தது. இன்ஜினைப் பார்க்கப் போன எனக்கு முதல் நான்கு நாள்கள் பிரேக்கிலேயே கழிந்தன. ஷூவின் இடைவெளியை அமைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டித்தான் டிரம்மைக் கழற்ற முடிந்தது. நான்கு சக்கரங்களிலும் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர்கள் கல்லாகியிருந்ததால் எல்லாவற்றையும் மாற்றினோம். அதன்பின் வண்டியை அசைத்தபோது, ஊறியிருந்த இன்ஜின் ஒரு விரல்கடை நகர்ந்து, பிறகு முழுச் சுற்றும் வந்தது.

பழைய ஆயிலை வடித்து 20டபிள்யூ-40 தர இன்ஜின் ஆயில் ஊற்றினோம். பிளக்குகளைப் பூட்டுமுன், ஆயில் அழுத்தம் வந்து ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் மோட்டாரைச் சிறிது சிறிதாகச் சுற்றினோம். டேங்கில் எஞ்சிய பெட்ரோல் கறுத்து வார்னிஷ் போல நாறியது. டேங்கைக் கழற்றிக் கழுவும்வரை, சிறு கேனிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குத் தனி இணைப்புக் கொடுத்தோம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் ஹோஸ்களையும் பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பின் டயாபிரம் என்ற சவ்வையும் மாற்றினேன். பிளக்கில் பொறி வராததற்கு பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டில் படிந்த களிம்பே காரணம்; மெல்லிய உப்புத்தாளால் தேய்த்ததும் வந்துவிட்டது.

ஐந்தாவது முயற்சியில் இன்ஜின் உயிர்பெற்று, ஊற்றிய எண்ணெய் எரிந்து தீரும்வரை தெருவையே புகையால் நிறைத்தது. 2014 இல் காலாவதியான ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பித்த பிறகே சாலையில் இறக்கினேன். இன்ஜினைவிட அதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று.

முதல் நாள் நான் ஓட்ட, அப்பா பக்கத்தில் அமர்ந்து மார்க்கெட் வரை வந்தார். திரும்பி வந்து கொட்டகையில் நிறுத்தியதும், பேச்சின் நடுவே கைநீட்டிக் கைபிரேக்கை இழுத்தார். அவர் வீட்டுக்குள் போனபின் அதை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்தேன்.