1987 போர்ஷே 944: சூடானதும் நின்றுவிடுகிறது. ரிலேவா, சென்சாரா, பெல்ட்டா?

மாலைநேரம் (ஸ்கார்பரோ, கனடா)
வீட்டுக்கு இரண்டாவது வண்டியாக 1987ஆம் ஆண்டின் போர்ஷே 944 ஒன்றை வாங்கியிருக்கிறேன். டர்போ இல்லாத 2.5 லிட்டர். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. நன்றாகச் சூடான பிறகு, சிக்னலில் நிற்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. ஓடோமீட்டர் 1,32,000 கிலோமீட்டரோடு செத்துப்போயிருக்கிறது. விற்றவரிடம் சர்வீஸ் ரசீது ஒன்றுகூட இல்லை. கூலன்ட் டாங்கின் மூடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

ஒரு கராஜில் காட்டினேன். பம்ப், இக்னிஷன் காயில், சென்சார், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பழுதுநீக்கி
தம்பி, முதலில் சாவியை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். இந்த இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடிக்கும். எட்டு வால்வும் வளையலாம், இன்ஜினின் தலையை (சிலிண்டர் ஹெட்டை) கழற்றாமல் வேலை முடியாது. போர்ஷே சொன்ன கணக்கு 45,000 மைல், அதாவது ஏறத்தாழ 72,000 கிலோமீட்டர். அனுபவமுள்ளவர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. 30,000 மைல் அல்லது நான்கு வருடம், எது முந்துகிறதோ அதில் மாற்றிவிடுவார்கள். உங்கள் ஓடோமீட்டரோ பொய்ச்சாட்சி. ஓடும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினால் உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம் நொறுங்கும். இந்த வண்டிக்கு அது பழைய வியாதி. எத்தனை வருடத்துக்கு முன் நொறுங்கியதோ யாருக்குத் தெரியும்?

டைமிங் பெல்ட், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்களின் பெல்ட், ரோலர்கள், முன்பக்க சீல்கள், வாட்டர் பம்ப். இவற்றை முடித்துவிட்டு மற்றதைப் பேசலாம். வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே டைமிங் பெல்ட்தான், மறக்க வேண்டாம்.

வோல்ட்மீட்டர்
கேட்ட கேள்வி ஒன்று, ஐயா சொன்ன பதில் வேறொன்று. பெல்ட் அறுந்த இன்ஜின் அரை மணி நேரம் ஆறினால் கிளம்பாது. இது மின்சாரக் கோளாறு. ஆயிரக்கணக்கில் செலவழித்து பெல்ட் மாற்றிய பிறகும் இதே சிக்னலில் இதே வண்டி நிற்கும்.

மாலைநேரம், அடுத்த முறை அணைந்ததும் இரண்டே இரண்டைப் பாருங்கள். ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது டேக்கோமீட்டர் (இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) முள் அசைகிறதா? பின்னால் பெட்ரோல் பம்பின் முனகல் கேட்கிறதா? இந்தக் கார்களில் டி.எம்.இ ரிலே என்று ஒன்று உண்டு. டி.எம்.இ என்பது இன்ஜின் கம்ப்யூட்டர், ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச். வெளியே ஒரே பெட்டி, உள்ளே இரண்டு பாதி. ஒரு பாதி கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிறது, மற்றது பம்புக்கு. உள்ளே இருக்கும் ஈயப்பற்று காலப்போக்கில் விரிசல் விடும். சூட்டில் விரிசல் விலகினால் தொடர்பு அறுகிறது, ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் எழுதியது வரிக்கு வரி அதுதான்.

பழுதுநீக்கி
வரிக்கு வரி சென்சாரும் அதுதான், தம்பி. ஃப்ளைவீல் சக்கரத்தை மூடும் பெல்ஹவுசிங் என்ற உறையின் மேலே இரண்டு சென்சார்கள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று வேகத்துக்கு, ஒன்று நிலைக்கு. அவற்றின் இணைப்பிகள் இன்ஜினின் பின்புறச் சூட்டில் வெந்து, தொட்டாலே பிஸ்கோத்தாக நொறுங்கும். வேக சென்சார் செத்தால் இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் பம்பையும் ஓட்டாது. ஆகவே ‘பம்ப் சத்தம் இல்லை, ரிலே போய்விட்டது’ என்று முடிவு கட்டக் கூடாது.

வோல்ட்மீட்டர்
அதற்குத்தான் டேக்கோமீட்டரையும் பார்க்கச் சொன்னேன். முள் அசைந்தால் கம்ப்யூட்டருக்கு மின்சாரமும் இருக்கிறது, வேக சென்சாரின் சிக்னலும் வருகிறது. முள் அசைந்தும் பம்ப் ஊமையாக இருந்தால் சந்தேகம் ரிலேயின் பம்ப் பாதியில் விழும். முள் அசையவே இல்லையென்றால் ஐயா சொல்வதுபோல் சென்சாராக இருக்கலாம், ரிலேயின் முதல் பாதியாகவும் இருக்கலாம். சென்சாரை மல்டிமீட்டரில் அளந்தால் 600 முதல் 1600 ஓம் காட்ட வேண்டும். ஆறிய பிறகு அளந்து பயனில்லை. நின்ற இடத்திலேயே அளக்க வேண்டும்.

இரும்புக்கடை
இருவரும் பொறியியல் வகுப்பு எடுக்கிறீர்கள். நான் நேராகவே சொல்கிறேன்: விற்றுவிடுங்கள். கூலன்டில் பழுப்பு என்றால் எண்ணெய் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. அடுத்து கிளட்ச். அதன் தட்டின் நடுவில் ரப்பர் இருக்கிறது, முப்பது நாற்பது வருட ரப்பர். அது கிழிந்தால் எக்ஸாஸ்ட்டை இறக்கி, பின்னால் இருக்கும் கியர்பாக்ஸைக் கழற்றி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் டியூபைப் பின்னுக்குத் தள்ளினால்தான் கிளட்ச் கண்ணில் படும். வாங்கிய விலையைவிடப் பழுது விலை அதிகம். மலிவான போர்ஷே என்று உலகத்தில் எதுவும் கிடையாது.

நெக்கார்கரை
கிளட்ச் பற்றிச் சொன்னது சரி. ஹெட் கேஸ்கட் தீர்ப்பைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த இன்ஜினில் எண்ணெயைக் கூலன்டைக் கொண்டே குளிரவைக்கும் கூலர் ஒன்று பிளாக்கோடு சேர்ந்து இருக்கிறது. அதன் சீல்கள் இறுகிப்போனால் இரண்டும் கலக்கும். ஓடும்போது எண்ணெய் அழுத்தம் 4, 5 பார் வரை போகும், கூலன்டில் இருப்பது ஏறத்தாழ 1 பார். ஆகவே எண்ணெய்தான் கூலன்டுக்குள் போகும், கூலன்ட் எண்ணெய்க்குள் வராது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் சுத்தமாக இருந்து கூலன்ட் மட்டும் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் கூலர் சீல்தான். சந்தேகம் போகவில்லையென்றால் கூலன்டில் சிலிண்டரில் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. திரவம் மஞ்சளானால் இரும்புக்கடை அண்ணன் ஜெயித்தார்.

இந்தக் கார்கள் செய்யப்பட்ட நெக்கார்சுல்ம் ஆலை எனக்குப் பக்கத்து ஊர். இங்கே இன்னும் பலர் இவற்றைத் தினமும் ஓட்டுகிறார்கள். உடல் முழுவதும் துத்தநாகம் பூசிய தகடு என்பதால் உங்கள் ஊர் உப்புச் சாலையிலும் அதே காலத்து மற்ற கார்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கும். அடித்தளம் நன்றாக இருந்தால் விற்பதற்குக் காரணம் இல்லை.

இரும்புக்கடை
பக்கத்து ஊரில் ஆலை இருந்தால் பாகமும் பக்கத்துக் கடையில் கிடைக்கும். ஸ்கார்பரோவில் இருப்பவர் கப்பல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாலைநேரம்
சோதித்துவிட்டேன். மளிகைக் கடை வாசலில் அணைந்தது. சுற்றும்போது டேக்கோமீட்டர் முள் சற்றே எழும்பித் துடிக்கிறது. பம்ப் சத்தம் இல்லை. வோல்ட்மீட்டர் சொன்ன ரிலேயைப் பிடுங்கி, 30, 87, 87பி மூன்று முனைகளையும் ஃப்யூஸ் வைத்த ஒயரால் இணைத்தேன். பம்ப் முனகியது, முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. வீட்டுக்கு வந்து ரிலேயின் மூடியைத் திறந்து லென்ஸில் பார்த்தேன். ஒரு முனையின் ஈயத்தைச் சுற்றி மயிரிழை போல் கறுப்பு வளையம். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவாக இருக்கிறது. இந்த ஒயரோடு ரிலே வரும்வரை ஓட்டலாமா?

வோல்ட்மீட்டர்
கூடவே கூடாது. இன்ஜின் சுற்றாதபோது பம்பை நிறுத்துவதுதான் அந்த ரிலேயின் உயிர்காக்கும் வேலை. ஒயர் போட்டுவிட்டால், மோதி நின்றாலும், குழாய் அறுந்தாலும், பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். இந்தக் கார்களின் பழைய பெட்ரோல் குழாய்களால் தீப்பிடித்த கதைகள் ஏற்கெனவே உண்டு. விரிசலைச் சால்டர் பண்ணி இப்போதைக்கு மாட்டுங்கள், புதியது வந்ததும் பழையதை டேஷ்போர்டுப் பெட்டியில் உபரியாக வையுங்கள்.

பழுதுநீக்கி
சால்டர் பண்ணிய ரிலேயை நான் நம்புவதில்லை. விரிசல் தெரிந்த முனையை ஒட்டுவீர்கள், தெரியாத முனை நெடுஞ்சாலையில் திறக்கும். ரிலே விஷயத்தில் வோல்ட்மீட்டர் சொன்னது பலித்தது, சந்தோஷம். பெல்ட்டின் வயது இன்னும் யாருக்கும் தெரியாது. முன்பக்க பெல்ட் மூடியின் மேல்பாதியைக் கழற்றிப் பார்த்தீர்களா?

மாலைநேரம்
கழற்றினேன், ஐயா. பெல்ட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. ஓரத்தில் விரலால் தொட்டால் எண்ணெய் ஒட்டுகிறது.

பழுதுநீக்கி
சீல் கசிகிறது. எண்ணெய் குடித்த ரப்பரை நம்பி இன்னும் ஒரு கிலோமீட்டரும் ஓட்ட வேண்டாம்.

வோல்ட்மீட்டர்
இதில் ஐயாவோடு சண்டையில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதல் நாளே பெல்ட்டைப் பிரித்திருந்தால், அடுத்த முறை நின்றபோது பெல்ட் வேலையில்தான் ஏதோ தப்பு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு கோளாறு பிடிபடும்வரை வேறொன்றைத் தொடக் கூடாது என்பது என் கட்சி.

பழுதுநீக்கி
நின்றால் இழுத்துக்கொண்டு வரலாம், வால்வு வளைந்தால் இழுத்துக்கொண்டு வந்தும் பயனில்லை என்பது என் கட்சி.

மாலைநேரம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எந்த வகை என்று பார்த்துச் சொல்லுங்கள். 1987 வாக்கில் ஸ்பிரிங் வைத்தது வந்தது. அதற்கு முந்தியது கையால் இறுக்குவது, அதற்கு பெல்ட்டின் இறுக்கத்தை அளக்கும் தனி அளவுகோல் வேண்டும். பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டுக்கு எப்படியும் அளவுகோல் வேண்டும். அந்த ஷாஃப்ட்கள் இன்ஜினின் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகின்றன, அந்த பெல்ட் அறுந்தால் டைமிங் பெல்ட்டையும் இழுத்துப் போகக்கூடும். விரலால் முறுக்கிப் பார்த்து இறுக்கும் ஆளிடம் விடாதீர்கள்.

இரும்புக்கடை
ரிலே, பெல்ட், ரோலர், சீல், வாட்டர் பம்ப், கூலர் சீல். கூட்டிப் பாருங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள். சக்கரங்களை மட்டும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

மாலைநேரம்
சக்கரம் விற்பனைக்கு இல்லை, அண்ணா. ஸ்பிரிங் டென்ஷனர்தான். பாகங்களுக்குச் சொல்லிவிட்டேன். ரிலே புதியதும் வருகிறது, பழையதைச் சால்டரும் பண்ணப்போகிறேன். அளவுகோல் யாரிடமாவது இரவல் கிடைக்குமா? ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.