ஒரு ஜின் எத்தனை கிராம்? வெளியூர்ச் சந்தைகளில் காய் வாங்குவோர் கவனத்துக்கு

சீனா பக்கம் காய் வாங்கப் போகிறவர்கள் எடைக்கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். விலை அட்டையில் எழுதியிருப்பது பெரும்பாலும் ‘ஜின்’ என்கிற எடைக்கான விலை. அந்த ஜின் ஷாங்காயில் 500 கிராம், தைபேயில் 600, ஹாங்காங்கில் ஏறக்குறைய 605. எழுத்து மூன்று ஊரிலும் ஒன்றுதான், ஏமாறுவதும் அங்கேதான். அட்டையில் 12 என்றிருந்தால் ஷாங்காயில் கிலோ 24; தைபேயில் கிலோ 20.

இஞ்சி, பூண்டு மாதிரி கொஞ்சமாக வாங்குவதற்கு ‘லியாங்’ கணக்கு. ஷாங்காயில் ஜின்னுக்கு 10 லியாங், மற்ற இரண்டு ஊரிலும் 16. மூன்று லியாங் இஞ்சி கேட்டால் ஷாங்காயில் 150 கிராம் வரும், ஹாங்காங்கில் 113தான். தராசு கிலோவில் 1.00 காட்டும், ஷாங்காய்க்காரர் இரண்டு ஜின்னுக்குக் காசு கேட்பார். சரியான கணக்குதான், சண்டைக்குப் போகாதீர்கள்.

ஹாங்காங்கில் கீரை வாங்கினால் வெங்காயத்தாள் இரண்டு கொசுறு போடுவார்கள், நம்மூர்க் கறிவேப்பிலை மாதிரி. மறந்துவிட்டால் கேட்கலாம்.

*

தாய்லாந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிளகாய், காளான், இறாலுக்கு ‘கீட்’ விலை சொல்வார்கள். ஒரு கீட் 100 கிராம். 10 பாட் தானே என்று கிலோ போடச் சொன்னால் 100 பாட்.

*

பாரிஸில் எடைத் தொல்லை இல்லை. கிலோதான், ‘லீவ்ர்’ என்றால் அரைக்கிலோ. அங்கே பிரச்சினை கை. நம்மூர் மாதிரி தக்காளியை அமுக்கிப் பார்த்தால் கடைக்காரர் முகம் மாறிவிடும். காயை அவர்தான் எடுத்துப் போடுவார். அதற்கு வழி, என்றைக்குச் சாப்பிடப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது. முலாம்பழமோ அவகாடோவோ கேட்டால் ‘இன்றிரவுக்கா, நாளைக்கா’ என்று அவரே கேட்பார். பொத்தாம்பொதுவாக இரண்டு வேண்டும் என்றால், இன்றைக்கே தீர்க்கவேண்டிய பழம் பைக்குள் வந்துவிடும்.

விலைச்சீட்டில் விளைந்த நாடும் தரமும் போட்டிருக்கும். ‘எக்ஸ்ட்ரா’, 1, 2 என்கிற தரம் பார்வை, அளவு, தழும்பு பற்றியது. ருசிக்கு அதில் இடமில்லை. குழம்புக்கும் தொக்குக்கும் இரண்டாம் தரத் தக்காளி தாராளமாகப் போதும்.

‘விவசாயி நேரடி விற்பனை’ என்று நம்பி அதிக விலை கொடுக்கும் முன் கடையை ஒரு சுற்று பாருங்கள். அதே மேசையில் வாழைப்பழம் இருந்தால் அவர் விளைவித்தவர் இல்லை. ருங்கிஸ் மொத்தச் சந்தையில் எடுத்து விற்கிறவர். தப்பில்லை, ஆனால் அதற்குரிய விலை கொடுத்தால் போதும்.

பார்பெஸ் சந்தை மெட்ரோ பாலத்தடியில், புதனும் சனியும். அலிக்ர் சந்தைக்குத் திங்கள் விடுமுறை. மதியம் ஒரு மணிக்குமேல் கடை கட்டும் நேரம், பெட்டியோடு தள்ளிவிடுவார்கள். அடித்தட்டைப் பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள். முருங்கைக்காய், கத்தரிப்பிஞ்சு இந்தச் சந்தைகளில் கிடைக்காவிட்டால், பார்பெஸிலிருந்து லா ஷாப்பெல் ஈழத்தமிழர் கடைகளுக்குப் பொடிநடைதான்.

*

லண்டனில் பவுண்ட் என்றால் காசு! கிழக்கு லண்டன் சந்தைகளில் தராசுக்கு வேலை குறைவு, கிண்ணக் கணக்கு. ஸ்டீல் கிண்ணத்தில் குவித்த குடைமிளகாயோ வெண்டையோ இத்தனை பவுண்ட் என்று சீட்டுச் செருகியிருக்கும். மேலே பளபளப்பு, அடியில் தொளதொளப்பு. கிண்ணத்தை அப்படியே பைக்குள் கவிழ்த்துவிடுவார்கள், அதற்குமுன் ஓரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி அடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்டைக்காயை அந்த மெல்லிய பிளாஸ்டிக் பையிலேயே வைத்தால் வியர்த்து, மறுநாள் கருத்து வழவழவென்றாகிவிடும். வந்ததும் செய்தித்தாளில் பரப்பி, ஈரம் போனபின் துணிப்பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

*

சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் பாதிக் கடை கட்டிவிடும். முருங்கைக்காயின் இரு முனையையும் பிடித்து லேசாக முறுக்கினால் வளைந்துகொடுக்க வேண்டும். விறைத்து நின்றாலோ விதை புடைத்துத் தெரிந்தாலோ முற்றல்.

அங்கிருந்து பாரிஸுக்குப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகிற எண்ணம் வேண்டாம். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவரும் பழம், காய், கீரைக்குத் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். விலக்கு ஐந்துக்குத்தான்: வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியான். டுரியானுக்கு விமானக்காரர்கள் சம்மதிப்பார்களா என்பது வேறு கதை.